பதினோரு வரித் தாள்

தாலுகா ஆபீஸ் தந்த தாளில் பதினோரு வரி.
கைப்பிடியில் ரப்பர் வளையம் போட்டு மாட்டி
ஆரம்பாக்கத்திலிருந்து கிழக்கே விட்டேன்.
மேலே ரெண்டு குழாய் ஸ்பீக்கர்.
பேட்டரி என்னுடையது. டீசலுக்கு வவுச்சர் உண்டாம்.

கடல் நீர்மட்டம் இயல்பைவிட
ஒன்றரை மீட்டர் வரை உயரக்கூடும்,
தாழ்வான பகுதியில் வசிக்கும் பொதுமக்கள்
பாதுகாப்பான இடங்களுக்குச் செல்லுமாறு…

சங்குமேட்டில் யாரும் செல்லவில்லை.
வானம் கழுவிக் கவிழ்த்த தட்டு மாதிரி கிடந்தது.
ஏரியில் ஒரு சுருக்கம் இல்லை.
ஐஸ் பெட்டிமேல் சீட்டாடிக்கொண்டிருந்தவர்கள்
ஒன்றரை மீட்டரைத் தொடையில் காட்டிச் சிரித்தார்கள்.
எபினேசர் கேட்டான்:
மீட்டர் போட்டு வருமா,
இல்லை, உன் ஆட்டோ மாதிரி போடாமலே வருமா?

மூன்றாம் சுற்றில் தொண்டை கம்மிவிட்டது.
இறால் ஷெட் வாசலில் நிறுத்தி ஒரு சோடா.
உள்ளே தலை கிள்ளும் பெண்கள், முழங்கை வரை ஐஸ்.
கிருஷ்ணா கடலில் விழும் பக்கத்திலிருந்து
இங்கே வாழ்க்கைப்பட்டு வந்த வீரராகவம்மா
நிமிராமலே கேட்டாள்:
காலையிலிருந்து மீட்டர் மீட்டர்னு கத்துறியே, ஏமி அதி?

சொன்னேன்.
காத்து கடலைத் தள்ளிக்கிட்டு வரும்.
அலை இல்லைக்கா, அலைன்னா திரும்பிப் போயிடும்.
இது கடலே எழுந்து நடக்கிறது.
முகத்துவாரத்தில் நுழைஞ்சு ஏரியை ரொப்பும்.
நாம முன்வாசலைப் பார்த்துக்கிட்டு நிப்போம்,
அது பின்வாசல்ல ஏறும்.

அவள் கையில் இருந்த இறால் பாதியில் நின்றது.
உப்பென, என்றாள்.

என் காதில் அது
உப்பு என, உப்பைப் போல என,
யாரோ சொல்லி முடிக்காத உவமையாக விழுந்தது.
அவள் காதில் எப்படி என்று முகத்தில் தெரிந்தது.
அப்பாகூடப் பிறந்தவங்க ஆறு பேர், என்றாள்.
விடிஞ்சப்ப பனைமரத்தில அப்பா மட்டும்.
வேறொன்றும் சொல்லவில்லை.
கையை உதறிவிட்டு மைக்கைப் பிடுங்கினாள்.

தாளைப் பார்க்கவே இல்லை.
உப்பென வஸ்துந்தி, என்றாள் மூன்று தரம்.
அப்புறம் அவளுடைய தமிழில்:
ரேஷன் கார்டு ஜாக்கெட்டுக்குள்ள வை.
மாட்டை அவுத்து வுடு, கட்டாதே.
வலையை நினைக்காதே.
படுத்த படுக்கையா இருக்கறவங்களை முதல்ல தூக்கு,
மாத்திரையை அவங்க மடியிலயே கட்டு.
பூட்டு தேடிக்கிட்டு நிக்காதே,
தண்ணிக்குப் பூட்டு தெரியாது.

தெலுங்குத் தெரு முதலில் அசைந்தது.
அவர்கள் மூட்டை கட்டுவதைப் பார்த்துத் தமிழ்த் தெரு.
சீட்டைக் கலைத்தது யார் என்று தெரியவில்லை.

காப்பகத்தின் சாவி தலையாரியிடம்.
தலையாரி பொன்னேரியில், மச்சினி கல்யாணத்தில்.
ஜாக்கி லீவரால் பூட்டை உடைத்தேன்.
உள்ளே போன தேர்தலின் தட்டிகள்,
பிளீச்சிங் பவுடர் மூட்டைகள்,
கோபமாக ஒரு வௌவால்.
இருநூற்றுப் பதினேழு பேர், இரண்டு கக்கூஸ்.
ஒன்றுக்குத் தாழ்ப்பாள் இல்லை.
தாழ்ப்பாளாக எபினேசரை நிறுத்தினோம்,
முதுகைக் காட்டிக்கொண்டு, ராத்திரி முழுக்க.

புயல் பழவேற்காட்டுக்குத் தெற்கே கரையேறியது.
எங்களுக்குக் கிடைத்தது அதன் வலது தோள்.
ரெண்டு மணிக்கு மேல்
படிக்கட்டில் யாரோ செருப்பைத் தேய்ப்பது மாதிரி சத்தம்.
டார்ச் அடித்தேன்.
நான்காம் படியில் தண்ணீர்,
அதன்மேல் யார் வீட்டுத் தொட்டிலோ
காலியாகச் சுற்றிக்கொண்டு.
டார்ச்சை அணைத்தேன்.
ஒன்று, இரண்டு என்று மறுபடி எண்ணத் தொடங்கினாள் வீரராகவம்மா,
குழந்தைகளை மட்டும்.

எண்ணிக்கை சரி.

பதினெட்டு நாள் கழித்து வவுச்சருக்குப் போனேன்.
பூட்டுக்கு முந்நூற்றைம்பது பிடித்தம்.
சுற்றறிக்கையில் இல்லாத வாசகம் ஒலிபரப்பியதாக
ஒரு மெமோ வேறு.
தாளைத் திருப்பிக் கேட்டார்கள்.
தொலைந்துவிட்டது என்றேன்.

கைப்பிடியில்தான் இருக்கிறது.
மை கலங்கிய பதினோரு வரிக்குக் கீழே
பால்பாயிண்டில் ஒரு சொல்.

ரேஷன் கடைச் சுவரில்
ஸ்விட்ச் பெட்டிக்கு ஒரு விரல் கீழே
வெள்ளையாக ஒரு கோடு காய்ந்திருக்கிறது.
மண்ணெண்ணெய் வாங்க வந்த எபினேசர்
அதன் பக்கத்தில் போய், ஒட்டி நின்று பார்த்தான்.
அவனுக்கு மார்பு வரை.